ஆறு கட்டை, ஒரு சாவி: வீட்டுப் பட்டறையில் மரப்பூட்டுப் புதிர் செய்யும் முறை

ஆணி இல்லை, பசை இல்லை. ஆறு சதுரக் கட்டைகள் மூன்று திசைகளில் ஒன்றையொன்று ஊடுருவி, அசைத்தாலும் பிரியாமல் நிற்கும். எந்தக் கட்டையைப் பிடித்து இழுப்பது என்று தெரிந்தவருக்கு மட்டும் அது திறக்கும். சீனாவில் இதை லூ பான் பூட்டு என்பார்கள். லூ பான் அங்கே தச்சர்கள் தங்கள் குலகுருவாகப் போற்றும் பழங்காலக் கைவினைஞர். ஐரோப்பாவில் 1803இலேயே நியூரம்பெர்க் நகர வணிகர் பெஸ்டல்மையரின் பொம்மைப் பட்டியலில் இதே ஆறு கட்டைப் புதிர் படத்தோடு இடம்பெற்றிருக்கிறது.

ஆறு கட்டைகள்தானே, ஒரே விதமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் புதிரே மாறிவிடும். உள்ளே வெற்றிடம் இல்லாத வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 369 விதக் கட்டைகளிலிருந்து 1,19,979 வழிகளில் கோக்கலாம் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் பில் கட்லர் 1970களில் கணினியின் துணையோடு எண்ணிக் காட்டினார். வெற்றிடம் உள்ளவற்றையும் சேர்த்தால் 3,565 கோடிக்கும் மேல் என்று 1990இல் அவருடைய கணக்கு முடிந்தது. அந்த 369இல், வாளால் நேராக அறுத்தே எடுக்கக்கூடியவை வெறும் 25. வீட்டுப் பட்டறைக்காரர் முதலில் கை வைக்க வேண்டியது இந்த 25இல்தான். மற்றவற்றில் மூன்று பக்கமும் அடைபட்ட உள்மூலைகளை உளியால் குடைய வேண்டியிருக்கும்.

இங்கே நான் விவரிக்கும் புதிரில் மூன்றே விதக் கட்டைகள். எல்லா வெட்டும் நேர்வெட்டு. உள்ளே ஒரு கடுகளவு வெற்றிடமும் இருக்காது. முதல் புதிருக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியாது.

மரம்

கெட்டியான, நெருக்கமான நார் உள்ள, நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். பழைய தேக்குச் சட்டம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் காய்ந்த மரம் அவ்வளவாகச் சுருங்காது, முறுக்காது. பூவரசு, வேம்பு, பலா எல்லாம் சரிவரும். பலாவின் மஞ்சளும் ஈட்டி மரத்தின் கருமையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பார்க்க அழகாக இருக்கும். வேங்கை நல்ல மரம்தான், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். பெரிய மரக்கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கதவு, ஜன்னல் செய்யும் பட்டறைகளில் விழும் துண்டுகளே போதும், கேட்டால் கொடுப்பார்கள். பேக்கிங் பெட்டியில் வரும் பைன் மரத்தைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்புகள் சீக்கிரம் மழுங்கிப்போகும், நாலு முறை பிரித்துக் கோத்தாலே புதிர் தொளதொளவென்று ஆகிவிடும்.

வாங்கிய மரத்தை இரண்டு மூன்று வாரம் வேலை செய்யும் அறையிலேயே போட்டு வையுங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் ஊதும், சுருங்கும். இந்தப் புதிரின் எல்லாப் பொருத்தங்களிலும் குறுக்களவு சம்பந்தப்படுகிறது என்பதால், இந்தப் பொறுமை பின்னால் பலன் தரும்.

கருவிகள்

பல் நெருக்கமான சின்ன முதுகுவாள் (மேல்விளிம்பில் உலோகப் பட்டை பிடித்த வாள்), ஒன்பது பத்து மி.மீ. அகல உளி ஒன்று, அகலமான உளி ஒன்று, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், மார்க்கிங் கேஜ் (விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி), கூரான கத்தி, இரண்டு கிளாம்ப், உப்புத்தாள். வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது. டேபிள் சா வைத்திருப்பவர்கள் நீளமான சட்டம் அறுப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் 80 மி.மீ. துண்டுகளை அதில் வெறுங்கையால் பிடித்துக் காடி, அதாவது பள்ளமான வெட்டு, போட முயலவே வேண்டாம். விரல் வாளுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். தேக்குத் தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் இழைப்பது

புதிரின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. நமக்கு வேண்டியது 20 மி.மீ. சதுரமும் சுமார் 650 மி.மீ. நீளமும் கொண்ட ஒரே சட்டம். அதிலிருந்து 80 மி.மீ. கட்டைகள் ஆறும், பரிசோதனைக்கு ஒன்றும் வரும்.

முதலில் ஒரு பக்கத்தை மட்டமாக இழையுங்கள். அடுத்த பக்கத்தை மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அதற்குச் சரியான செங்கோணத்தில் இழையுங்கள். பிறகு மற்ற இரண்டையும் கேஜால் கோடு போட்டு இறக்குங்கள். சட்டம் சரியாக 20 மி.மீ. வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 19.6 வந்தாலும் பரவாயில்லை. ஆனால் நாலு பக்கமும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், அதே 19.6 இருக்க வேண்டும். அகலத்துக்கும் உயரத்துக்கும் கால் மி.மீ. வித்தியாசம் இருந்தால்கூட, கட்டையை ஒரு பக்கம் திருப்பினால் நுழையும், இன்னொரு பக்கம் திருப்பினால் நுழையாது. காலிபர் இல்லாவிட்டால், ஒரு தகட்டிலோ பிளைவுட்டிலோ சட்டத்தின் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டி, அதைச் சட்டத்தின் மேல் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். தொளதொளக்கும் இடமும் இறுகும் இடமும் கைக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் ஆறு கட்டைகளாக அறுங்கள். நீளம் அகலத்தைப் போல நாலு மடங்கு. மூன்று மடங்கு போதும் என்று சிலர் செய்வார்கள், புதிரும் வேலை செய்யும். ஆனால் காடிக்கு வெளியே நிற்கும் முனை 10 மி.மீ. மட்டுமே இருக்கும், ஒருமுறை கீழே விழுந்தால் நாரோடு பிளந்து போய்விடும். நாலு மடங்கு வைத்தால் அந்த முனை 20 மி.மீ. கிடைக்கிறது, தாங்கும்.

மூன்று விதக் கட்டைகள்

ஒரு கட்டையைச் சாவி என்று வைத்துக்கொள்வோம். அதில் எந்த வெட்டும் இல்லை.

மூன்று கட்டைகள் ஒற்றைக்காடிக் கட்டைகள். ஒரு பக்கத்தின் நடுவில் 40 மி.மீ. நீளத்துக்கு, பாதி ஆழத்துக்கு, அதாவது 10 மி.மீ.க்கு ஒரே அகலமான காடி. இரு முனையிலும் 20 மி.மீ. முழுக்கனமாக நிற்கும்.

மிச்சம் இரண்டும் மூன்றுகாடிக் கட்டைகள். இவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு பக்கத்தை ‘அ’ என்று வையுங்கள், அதற்கு அடுத்த பக்கத்தை ‘ஆ’ என்று வையுங்கள். ‘அ’ பக்கத்தில் இரண்டு குறுங்காடிகள்: இடது முனையிலிருந்து 20 முதல் 30 மி.மீ. வரை ஒன்று, 50 முதல் 60 வரை இன்னொன்று. ‘ஆ’ பக்கத்தில் ஒரே ஒரு காடி, 30 முதல் 50 வரை. மூன்றுக்கும் ஆழம் 10 மி.மீ.தான். ‘ஆ’ பக்கம் ‘அ’வுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று கவலைப்பட வேண்டாம். இந்தக் கட்டை இரு முனைக்கும் சமச்சீரானது, எப்படி வெட்டினாலும் தலைகீழாகத் திருப்பினால் ஒன்றுதான். வெட்டி முடித்ததும் ‘அ’ பக்கத்தின் நடுவில், 20 மி.மீ. நீளமும் 10 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு திட்டு தனியாக எழுந்து நிற்கும். அந்தத் திட்டுதான் பூட்டின் நாக்கு.

அளவு குறிப்பது

மேலே எழுதிய மி.மீ. கணக்குகள் வடிவம் புரிவதற்காக. குறிக்கும்போது அளவுகோலை எடுத்து வைத்துவிட்டு, கட்டைகளையே அளவாக்கிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான காடி இரண்டு கட்டைகளை ஏற்க வேண்டும், ஆகவே இரண்டு கட்டைகளைச் சேர்த்து வைத்த அகலம்தான் அதன் நீளம். நாக்கின் நீளம் ஒரு கட்டையின் அகலம். ஆழம் கட்டையின் பாதி. மூன்றையும் கட்டையே சொல்லிவிடும். சட்டம் 19.6 வந்திருந்தாலும் எல்லாம் தானாகப் பொருந்தும்.

கட்டையின் நீளத்தில் நடுக்கோடு போடுங்கள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து, அவை சேரும் கோடு நடுக்கோட்டின் மேல் நிற்கும்படி குறுக்காக வைத்து, இரு வெளிவிளிம்புகளிலும் கத்தியால் கீறுங்கள். ஒற்றைக்காடிக்கு இது போதும். மூன்றுகாடிக் கட்டையில் இதே இரண்டு கோடுகளோடு, ஒரே ஒரு கட்டையை நடுவில் வைத்து இன்னும் இரண்டு கோடு கீற வேண்டும். பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டின் தடிமனே நமக்குக் கிடைக்கும் இடைவெளியை விழுங்கிவிடும். கத்திக்கோடு நாரையும் அறுத்து வைக்கிறது, வாள் ஓடும்போது விளிம்பு பிய்யாது.

ஆழத்துக்கு மார்க்கிங் கேஜைச் சுமாராகப் பாதியில் வைத்து, பரிசோதனைக் கட்டையில் ஒரு பக்கத்திலிருந்து ஒரு குத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குத்து. இரண்டு புள்ளிகளும் ஒன்றாகும் வரை கேஜைத் தட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு அதை அசைக்காமல் எல்லாக் கட்டைகளிலும் ஆழக்கோடு இழுத்துவிடுங்கள். வெட்டிப் போக வேண்டிய பகுதியில் பெருக்கல் குறி போட்டு வைப்பது நல்லது. ஆறு கட்டைகளும் ஒரே மாதிரி இருப்பதால், கோட்டின் தவறான பக்கத்தில் வாள் வைக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஒற்றைக்காடி வெட்டுவது

மூன்றையும் தனித்தனியே வெட்டாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு ஓரத்திலும் வேண்டாத துண்டு ஒவ்வொன்று சேர்த்து, ஐந்தையும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கோடுகள் ஒரே நேரில் வருகின்றனவா என்று மூலைமட்டத்தால் பாருங்கள். இனி ஒரே வெட்டில் மூன்றும் ஒரே அளவாக வரும், விளிம்பு பிய்ந்தாலும் ஓரத் துண்டுகளில்தான் பிய்யும்.

வாளைக் கத்திக்கோட்டுக்கு உள்ளே, கழிவுப் பக்கமாக ஒட்டி வைத்து, ஆழக்கோடு வரை அறுங்கள். இரு ஓர வெட்டும் முடிந்ததும், நடுவில் ஐந்து ஆறு மி.மீ.க்கு ஒரு வெட்டாக அதே ஆழத்துக்குப் போடுங்கள். நிற்கும் சில்லுகளை உளியால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். ஆழக்கோட்டுக்கு ஒரு மி.மீ. மேலேயே நிறுத்திவிட்டு, அகல உளியைக் கையால் மட்டும் தள்ளி, இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சீவுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் அந்தக் கோடியில் நார் பிளந்துவிடும். தரை மட்டமாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் சற்றுக் குழிந்திருந்தால் கெடுதல் இல்லை, மேடாக மட்டும் இருக்கக்கூடாது.

இரண்டு கட்டைகளைச் சேர்த்துக் காடிக்குள் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் உடனே விழக்கூடாது. அந்த நிலை கிடைக்கும்போது இடைவெளி சுமார் 0.1 மி.மீ. இருக்கும். இறுக்கமாக இருந்தால் காடியின் சுவரை உளியால் ஒரு முடியளவு சீவுங்கள். உப்புத்தாளைக் கொண்டுபோய்க் காடிக்குள் தேய்த்தால் மூலை உருண்டு, சுவர் சரிந்துவிடும்.

மூன்றுகாடி வெட்டுவது

இரண்டு கட்டைகளையும் முன்போலவே ஓரத்துண்டுகளோடு சேர்த்துக் கட்டுங்கள். முதலில் ‘ஆ’ பக்கக் காடியை, அதாவது நடுவில் உள்ள 20 மி.மீ. காடியை எடுங்கள். அது முடிந்ததும், அந்தக் காடிக்குள் கச்சிதமாக அடையும் ஒரு துண்டைச் செருகிவிட்டு, பிறகுதான் ‘அ’ பக்கத்தைத் திருப்பிக் குறுங்காடிகளை அறுக்க வேண்டும். துண்டு செருகாமல் அறுத்தால், நாக்கின் ஓரத்துக்கு முட்டுக் கொடுக்க எதுவும் இருக்காது, வாள் வெளிவரும் இடத்தில் நார் பிய்ந்து வரும்.

குறுங்காடிக்கு இரண்டே வெட்டு, நடுவில் இருப்பதைச் சின்ன உளியால் எடுத்துவிடலாம். நாக்கின் பக்கம் உள்ள வெட்டில் கவனம் அதிகம் தேவை. நாக்கு சிறுத்தால் பூட்டு ஆடும். நாக்கு பெருத்தால், கோக்கும்போது இரண்டு ஒற்றைக்காடிகள் எதிரெதிரே சேர்ந்து உண்டாகும் ஜன்னலுக்குள் நுழையாது, ஆனால் அதைச் சீவிச் சரிசெய்துவிடலாம். ஆகவே நாக்கைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தாராளமாக விட்டு அறுத்து, பொருத்திப் பார்த்துப் பார்த்துச் சீவுவது நல்லது. குறுங்காடியின் அகலத்தை, ஒற்றைக்காடிக் கட்டையில் காடிக்கு அடியில் மிஞ்சியிருக்கும் பாதிக்கனத்தை உள்ளே விட்டுச் சோதியுங்கள்.

இந்தக் கட்டையில் இரண்டு இடங்களில் மரம் 10க்கு 10 மி.மீ. கழுத்தாக மெலிந்திருக்கும். அங்கே முடிச்சோ சரிந்து ஓடும் நாரோ இருந்தால் உடைந்துபோகும். ஆறு கட்டைகளிலும் நார் நேராக ஓடுகிற இரண்டை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

கோப்பது

மூன்றுகாடிக் கட்டைகள் செங்குத்தாக நின்று கீழேயும் நீளும். ஆகவே மேசையில் 30 மி.மீ. உயரத்துக்கு இரண்டு முட்டுக்கட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் மேல் வேலை செய்தால் சுலபம்.

ஓர் ஒற்றைக்காடிக் கட்டையைக் காடி மேல்பார்க்க, இடவலமாக முட்டுகளின் மேல் வையுங்கள். இன்னொன்றை அதன் மேல் கவிழுங்கள். இரண்டு காடிகளும் சேர்ந்து, உங்களைப் பார்த்தபடி 40 மி.மீ. அகலமும் 20 மி.மீ. உயரமும் உள்ள ஒரு ஜன்னல் தெரியும். மூன்றாவது ஒற்றைக்காடிக் கட்டையை அந்த ஜன்னலின் இடது பாதியில், காடி வலப்பக்கம் பார்க்கும்படி உள்ளே தள்ளுங்கள். முன்னும் பின்னும் சமமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது ஒரு மூன்றுகாடிக் கட்டையை உங்கள் பக்கமிருந்து செங்குத்தாகப் பிடியுங்கள். ‘அ’ பக்கம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், ‘ஆ’ பக்கம் வலப்பக்கம் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து அரைக்கட்டை அளவு வலப்பக்கம் தள்ளி வைத்து, நேராக உள்ளே அழுத்துங்கள். மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் குறுங்காடிகளுக்குள் போகும், நாக்கு ஜன்னலுக்குள் நுழையும். முட்டியதும் இடப்பக்கம் 10 மி.மீ. நகர்த்துங்கள். நாக்கு மூன்றாவது கட்டையின் காடிக்குள் போய் உட்காரும் சத்தம் ‘டக்’கென்று கேட்கும். இனி அதை உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள், வராது. இன்னொரு மூன்றுகாடிக் கட்டையை எதிர்ப்பக்கமிருந்து இதே மாதிரி பொருத்துங்கள். ‘ஆ’ பக்கம் இதிலும் அதே வலப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஜன்னலின் வலது பாதியில் இப்போது சுத்தமான ஒரு சதுரத் துளை மிஞ்சியிருக்கும். சாவியை அதில் விட்டுத் தள்ளுங்கள். சாவி உள்ளே இருக்கும்வரை மூன்றுகாடிக் கட்டைகள் வலப்பக்கம் நகர இடமில்லை, அவை நகராதவரை மற்ற மூன்றும் பிரியாது. பிரிக்கும்போது இதே வரிசை பின்னோக்கி.

எங்காவது இறுகினால் பலம் கொடுக்காதீர்கள். உரசும் முகங்களில் பென்சில் தூளைத் தடவி ஒருமுறை கோத்துப் பிரியுங்கள். கறுப்பு அழுந்திப் பளபளக்கும் இடம்தான் தொந்தரவு செய்யும் இடம், அங்கே மட்டும் சீவுங்கள். சாவி மட்டும் இறுகினால் துளையைத் தொடாமல் சாவியையே இரண்டு இழுப்பு இழைத்துவிடுங்கள். கெட்டால் அதை மட்டும் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

மெருகு

வெளி விளிம்புகளை 220 எண் உப்புத்தாளால் லேசாக முறியுங்கள். முனை விளிம்புகளையும் அப்படியே. காடிகளின் உள்விளிம்புகளைத் தொட வேண்டாம், தொட்டால் கோத்து முடித்ததும் கோடு கோடாக இடைவெளி தெரியும். வார்னிஷ் பூசுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது ஒரு படலமாகக் கனம் சேர்க்கும், 0.1 மி.மீ. இடைவெளி அதிலேயே அடைபட்டுவிடும், வெயில் காலத்தில் முகங்கள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். வெளிப்பக்கங்களுக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லத் துணியால் தேய்த்து, காய்ந்த பிறகு தேன்மெழுகு போட்டால் நிறம் எடுப்பாக வரும். காடிகளுக்குள் மெழுகு மட்டும் போதும், கட்டைகள் வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாத வெயிலில் கச்சிதமாகப் பொருத்திய புதிர், ஐப்பசி மழையில் ஊதி இறுகிவிடும். அதனால் கோடையில் செய்யும்போது பொருத்தத்தைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். மழைக்காலத்தில் செய்வதானால் சற்று இறுக்கமாக விடலாம். இறுகிவிட்ட புதிரைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். இரண்டு நாள் அரிசிப் பெட்டிக்குள்ளோ சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவிலோ வைத்தால் ஈரம் இறங்கித் தளரும்.

அடுத்து

இதைச் செய்து கை பழகியவர்கள், ‘பர்டூல்ஸ்’ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஆந்திரேயாஸ் ரோவர் எழுதியது. கட்டைகளின் வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால், அவை சேருமா, எத்தனை வழிகளில் சேரும், எந்த வரிசையில் நகர்த்த வேண்டும் என்று அசைத்தே காட்டிவிடும். மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வடிவத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மேலே சொன்ன ஆறு கட்டைகளையே முதலில் அதில் வரைந்து பாருங்கள், மென்பொருளும் பழகும், நாக்கு எப்படிப் பூட்டுகிறது என்பதும் துல்லியமாகத் தெரியும்.

அடுத்த படி, உள்ளே வெற்றிடம் விட்ட வடிவங்கள். அவற்றில் பலவற்றில் முதல் கட்டை வெளியே வருவதற்கு முன்பே பல கட்டைகளை உள்ளுக்குள் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும். அவற்றுக்குப் பெரும்பாலும் அடைபட்ட உள்மூலைகள் வேண்டும். உளியால் அதைச் சுத்தமாகக் குடைவது கடினம். 10 மி.மீ. சதுரச் சட்டம் இழைத்து, அதைச் சிறு துண்டுகளாக அறுத்து, பசை வைத்து ஒட்டியே அந்தக் கட்டைகளை உருவாக்கலாம். ஒட்டும்போது எல்லாத் துண்டுகளின் நாரும் கட்டையின் நீளத்தோடு ஓடும்படி வையுங்கள். தேக்காக இருந்தால் ஒட்டும் முகத்தில் உள்ள எண்ணெயைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு நிற்காது.

வாளும் உளியும் புதிதாகப் பிடிப்பவர்கள், ஆறு கட்டைகளையும் ஒரு தடவை பைனில் செய்து பார்த்துவிட்டுத் தேக்குக்குப் போங்கள். பைன் புதிரைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்றுகாடிக் கட்டைகள் இரண்டிலும் பென்சிலால் ‘அ’, ‘ஆ’ குறிகளை அப்படியே விட்டு வைத்தால், பிள்ளைகளுக்குக் கோக்கச் சொல்லிக்கொடுக்க அதுவே வசதி.